உள்ளே இருக்க வேண்டியது

உடம்பில் ஒரு பொருள் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு நோயைப் பற்றிய நம் யோசனை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சர்க்கரை கூடிவிட்டது, ஹீமோகுளோபின் குறைந்துவிட்டது, கொலஸ்ட்ரால் எல்லை தாண்டிவிட்டது என்றுதான் ரத்தப் பரிசோதனைச் சீட்டு நம்மோடு பேசுகிறது. ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் எண் அடங்கினால் நிம்மதி, அடங்காவிட்டால் கவலை. இந்தக் கணக்கில் தவறில்லை. எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது முழுக் கணக்கும் இல்லை. அளவு மாறாமல், வேதியமைப்பில் ஓர் அணுகூட மாறாமல், இருக்கும் இடம் மட்டும் ஒரு மில்லிமீட்டரின் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு தள்ளிப்போனால் ரத்தத்தை உறையவைக்கிற, சாகும் செல்லைக் காட்டிக்கொடுக்கிற, வைரஸுக்கு வழிவிடுகிற ஒரு கொழுப்பு நம் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்பது அதன் பெயர். சுருக்கமாகச் செரின் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதை முன்வைத்து நான் சொல்ல வருவது இதுதான்: உடம்பில் ஒரு மூலக்கூறுக்கு என்ன வேலை, என்ன அர்த்தம் என்பதில் பாதியை அதன் வேதியியல் முடிவு செய்கிறது, மறுபாதியை அது நிற்கும் இடம் முடிவு செய்கிறது. அந்த இடமும் தானாக அமைவதில்லை. செல் உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் செலவு செய்து காத்துக்கொள்வது அது.

இதன் கட்டமைப்பில் புதிர் எதுவும் கிடையாது. நடுவில் கிளிசரால், அதிலிருந்து தொங்கும் இரண்டு கொழுப்பு அமில வால்கள், எதிர்ப்புறம் ஒரு பாஸ்பேட், பாஸ்பேட்டின் முனையில் செரின் என்ற அமினோ அமிலம். செல் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடுகள் அனைத்துக்கும் ஏறத்தாழ இதே உருவம்தான், தலை மட்டும் வேறுபடும். ‘கெஃபாலின்’ என்ற பெயரில் ஒரே பொருளாக அதுவரை எண்ணப்பட்டுவந்த மூளைக் கொழுப்பு உண்மையில் ஒரு கலவை என்பதை 1940களின் தொடக்கத்தில், நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய பார்சிலோனாக்காரர் ஜோர்டி ஃபோல்க் காட்டினார். அந்தக் கலவையிலிருந்து அவர் பிரித்தெடுத்தவற்றுள் ஒன்று இது. சிவப்பணுவின் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடுகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்துவரை இதன் பங்கு. சவ்வில் மிகுதியாக இருக்கும் மற்ற கொழுப்புகளின் தலைகளில் மின்சுமை நேரும் எதிருமாகச் சமன்பட்டுவிடுகிறது. செரின் கொழுப்பின் தலையிலோ ஒரு எதிர்மின்சுமை மிச்சமாக நிற்கிறது. பின்னால் சொல்லப்போகும் நன்மை தீமைகள் அத்தனைக்கும் இந்த மிச்சம்தான் முதல்.

சவ்வு இரண்டடுக்குக் கொழுப்பால் ஆனது என்பது 1925-இல் லைடன் நகரில் கோர்ட்டரும் கிரெண்டலும் செய்த ஆய்விலிருந்து நமக்குத் தெரியும். இரண்டு அடுக்குகளும் ஒரே சரக்கால் ஆனவை அல்ல என்பது தெரியவர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. 1972-இல் கேம்பிரிட்ஜின் மார்க் பிரெட்ஷர் அந்த ஐயத்தை எழுப்பினார். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு அதை அழகான ஒரு சோதனையால் உறுதிப்படுத்தியது. நல்ல பாம்பின் நஞ்சில் கொழுப்பைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. முழுதாக இருக்கும் சிவப்பணுவின் மேல் இப்படிப்பட்ட நொதிகளை விட்டால் அவற்றுக்கு எட்டுவது வெளியடுக்கு மட்டும். அப்போது வேறு கொழுப்புகள் சிதைந்தன, செரின் கொழுப்பு அப்படியே இருந்தது. அதே செல்லை உடைத்து, உள்முகத்தையும் திறந்துகாட்டி நொதியை விட்டபோது செரின் கொழுப்பும் சிதைந்தது. அதாவது ஆரோக்கியமான செல்லில் அது அனேகமாக முழுவதும் உள்ளடுக்கில், செல்லின் உட்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ரத்தம் அதைப் பார்ப்பதே இல்லை.

ஏன் அது உள்ளேயே இருக்கிறது? நீரை விரும்பும் தலையோடு நடுவிலுள்ள எண்ணெய்ப் பகுதியைக் கடப்பது கடினம் என்பதால், ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்கு இந்தக் கொழுப்பு தானாகத் தாண்டுவது அரிது, மெதுவானது. ஆனால் அரிது என்றால் நடக்காது என்று ஆகிவிடாது. சிவப்பணு நூற்றிருபது நாள் வாழ்கிறது. நரம்பு செல் மனிதனோடு கூடவே வாழ்கிறது. அவ்வளவு காலத்தில் மெதுவான கசிவும் இரண்டு அடுக்குகளையும் ஒன்றாக்கிவிடும். 1984-இல் பாரிஸில் செய்ன்யரேயும் தெவோவும் கண்டது இதற்கான விடை. வெளியே போய்விட்ட செரின் கொழுப்பை ஒரு புரதம் பிடித்து மீண்டும் உள்ளே தள்ளுகிறது; தள்ள ஏடிபி என்ற ஆற்றல் நாணயத்தைச் செலவழிக்கிறது. ஃப்ளிப்பேஸ் என்று இன்று அதற்குப் பெயர். ஓயாமல் நீர் இறைத்தால்தான் மிதக்கும் படகைப் போன்றது இந்த ஏற்பாடு. இறைப்பது நின்றால் மூழ்கும். அந்த ஒழுங்கு கட்டடத்தின் ஒழுங்கு போல ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடக்கூடியது அல்ல. கணந்தோறும் செய்யப்படுவதால் இருப்பது.

உள்ளே இருக்கும்போதும் அது சும்மா இருப்பதில்லை. ஜப்பானின் கோபே நகரில் நிஷிஸுகாவின் ஆய்வகம் கண்டறிந்த புரத கைனேஸ் சி என்ற முக்கியமான நொதி தன் வேலையைத் தொடங்க இந்தக் கொழுப்பு தேவைப்படுகிறது. புற்றுநோய் ஆய்வில் அடிக்கடி அடிபடும் கே-ராஸ் புரதத்துக்கு நேர்மின்சுமை கொண்ட ஒரு வால் உண்டு. உள்ளடுக்கின் எதிர்மின்சுமையைப் பற்றிக்கொண்டுதான் அது சவ்வில் தங்குகிறது, அங்கே தங்கினால்தான் செல்லைப் பெருகச் சொல்லும் செய்தியை அதனால் அனுப்ப முடியும். ஆக, உட்பக்கத்தில் இந்தக் கொழுப்பு ஓர் ஒட்டுப்பரப்பு. வேலைக்கு வரும் புரதங்களை வேலை நடக்கும் இடத்தில் கூட்டிவைக்கிறது. இதே மின்சுமை, இதே ஒட்டும் குணம், சவ்வின் மறுபக்கம் போனால் வேறு புரதங்களைக் கூட்டுகிறது. குணம் மாறவில்லை. எதிரே நிற்பவர்கள் மாறிவிடுகிறார்கள்.

முதலில் ரத்தம் உறைவதைப் பார்க்கலாம். ரத்தக்குழாயில் காயம் பட்டதும் தட்டணுக்கள் அங்கே குவிந்து தூண்டப்படுகின்றன. அவற்றுக்குள் கால்சியம் ஏறுகிறது. அந்தக் கால்சியம் ஸ்க்ராம்ப்ளேஸ் என்ற இன்னொரு வகைப் புரதத்தைத் திறக்கிறது. ஃப்ளிப்பேஸ் தேர்ந்தெடுத்து உள்ளே தள்ளும். ஸ்க்ராம்ப்ளேஸ் தேர்வே இல்லாமல் இரண்டு அடுக்குகளையும் கலந்துவிடும். செரின் கொழுப்பு வெளியே வருகிறது. தூண்டப்பட்ட தட்டணுவில் இந்த இடமாற்றம் நடப்பதை 1983-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு காட்டியது. உறைதல் காரணிகள் சிலவற்றில், கால்சியத்தைக் கவ்வும் ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதி கால்சியத்தின் துணையோடு இந்த எதிர்மின்சுமைப் பரப்பில் வந்து அமர்கிறது. கரைசலில் ஒன்றையொன்று தேடி அலைந்துகொண்டிருந்த காரணிகள் ஒரே தளத்தில் அருகருகே கூடும்போது, ரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் என்ற நொதி உருவாகும் வேகம் லட்சக்கணக்கான மடங்கு உயர்கிறது. இதயவால்வு மாற்றியவர்கள் பலர் தினமும் விழுங்கும் வார்ஃபரின் மாத்திரை செய்வது என்ன? வைட்டமின் கே-யின் சுழற்சியைத் தடுத்து, கால்சியத்தைக் கவ்வும் அந்தப் பகுதி சரியாக உருவாகாமல் செய்கிறது. காரணிகள் ரத்தத்தில் இருக்கும். கொழுப்புப் பரப்பில் அமர முடியாமல் இருக்கும். இடத்தைப் பற்றி யாரும் யோசிக்காத காலத்திலேயே, 1950களிலிருந்து, இடத்தைத் தடுக்கும் மருந்தைத்தான் மருத்துவம் கொடுத்துவந்திருக்கிறது.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று ஓர் அரிய நோயிலிருந்து வருகிறது. 1979-இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணின் ரத்தக்கசிவு நோயை மருத்துவர்கள் விவரித்தார்கள். பிறகு அது ஸ்காட் நோய் என்று பெயர்பெற்றது. தட்டணுக்களின் எண்ணிக்கை சரி. அவை ஒன்றோடொன்று ஒட்டுவதும் சரி. உறைதல் காரணிகள் சரி. செரின் கொழுப்பின் அளவும் சரி. இருந்தும் பல் பிடுங்கினாலோ அறுவை செய்தாலோ பிரசவத்தின்போதோ ரத்தம் நிற்காது. குறை ஒன்றே ஒன்று: அந்தக் கொழுப்பு வெளியே வருவதில்லை. 2010-இல் ஜப்பானின் ஷிகேகாஸு நகாதா குழு கால்சியத்தால் திறக்கும் ஸ்க்ராம்ப்ளேஸ் எது என்று கண்டுபிடித்தது. டிஎம்இஎம்16எஃப் என்ற அந்தப் புரதத்தின் மரபணு ஸ்காட் நோயாளியிடம் பழுதாகியிருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. அளவைக் கேட்கும் எந்தச் சோதனையும் இந்த நோயைப் பிடிக்காது. எல்லாப் பொருளும் இருக்கிறது, எல்லாம் போதுமான அளவில் இருக்கிறது, ஒன்று மட்டும் போகவேண்டிய பக்கம் போகவில்லை.

அடுத்தது சாவு. நம் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 கோடி செல்கள் பழையன கழிந்து புதியன வருகின்றன என்று 2021-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. பெரும்பாலானவை ரத்த செல்கள். இத்தனை சாவு நடந்தும் உடம்பில் அழுகலோ வீக்கமோ இல்லை என்றால், பிணங்கள் உடனுக்குடன் அப்புறப்படுத்தப்படுகின்றன என்று பொருள். அப்புறப்படுத்தும் விழுங்கு செல்களுக்கு எது பிணம் என்று எப்படித் தெரிகிறது? 1992-இல் அமெரிக்காவின் டென்வரில் வேலரி ஃபாடாக்கும் சக ஆய்வாளர்களும் விடை சொன்னார்கள்: திட்டமிட்ட சாவுக்குள் நுழையும் லிம்ஃபோசைட் செல் தன் செரின் கொழுப்பை வெளியே காட்டுகிறது, விழுங்கு செல் அதைக் கண்டுகொள்கிறது. பின்னர் நகாதா குழு இதன் இயக்கத்தையும் பிரித்துக்காட்டியது. சாவின்போது வேலைக்கு வரும் காஸ்பேஸ் என்ற நொதி வெட்டுவதன் மூலம் இரண்டு காரியங்களைச் செய்கிறது: உள்ளே தள்ளும் ஃப்ளிப்பேஸை வெட்டி முடக்குகிறது, எக்ஸ்கேஆர்8 என்ற இன்னொரு ஸ்க்ராம்ப்ளேஸை வெட்டித் திறந்துவிடுகிறது. ஸ்காட் நோயாளியின் செல்கள் சாகும்போது செரின் கொழுப்பை வழக்கம்போல வெளியே காட்டுகின்றன என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். உறைதலுக்கு ஒரு வாசல், சாவுக்கு வேறு வாசல். வெளியே வருவது ஒரே பொருள். இந்தச் சைகையை வாசிக்க உதவும் ஒரு புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் பிணங்கள் தேங்கின. வயதாக ஆக லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் வந்தது.

ஆய்வகத்தில் செல் சாவை அளக்கும் முறையையே கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால் இடத்தின் முக்கியத்துவம் தெளிவாகத் தெரியும். அனெக்சின் என்ற புரதம், கால்சியம் இருந்தால், செரின் கொழுப்போடு இறுகப் பிணையும். அதன்மேல் பச்சையாக ஒளிரும் சாயத்தை ஏற்றி, செல்கள் மிதக்கும் கரைசலில் கலந்து, சில நிமிடம் இருட்டில் வைத்து, ஒவ்வொரு செல்லாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிடுவார்கள். பச்சையாக ஒளிர்ந்தால் சாவு தொடங்கிவிட்டது என்று எண்ணுவார்கள். ஆனால் இதோடு விட்டால் கணக்கு தவறும். ஏற்கெனவே சவ்வு கிழிந்துபோன செல்லுக்குள் அனெக்சின் நேராகப் புகுந்து, உள்ளடுக்கிலேயே இருக்கும் கொழுப்பைப் பிடித்துக்கொண்டு அதே பச்சையில் ஒளிரும். அதனால் கூடவே டிஎன்ஏ-வில் ஒட்டும் ஒரு சிவப்புச் சாயத்தையும் சேர்க்கிறார்கள். சவ்வு முழுதாக இருந்தால் அது உள்ளே போகாது. பச்சை மட்டும் தெரிந்தால் சாகத் தொடங்கிய செல், இரண்டும் தெரிந்தால் கிழிந்துபோன செல், இரண்டும் இல்லையென்றால் நலமான செல். இரண்டாவது சாயத்தின் வேலை, கொழுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்வது மட்டும்தான். இந்த மூன்று வகைச் செல்களையும் அரைத்து, அவற்றிலுள்ள செரின் கொழுப்பை நிறுத்துப் பார்த்தால் எது உயிர், எது பிணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

சாவுக்கு மட்டுமே இந்தச் சைகை உரியது என்று நினைத்துவிடவும் கூடாது. விழித்திரையின் ஒளியுணரும் குச்சி செல்களில், ஒளியைப் பிடிக்கும் நீண்ட பகுதி அடியில் வளர்ந்துகொண்டே போகும். நுனி தினமும் கொஞ்சம் கழற்றப்படும். ஏறத்தாழ பத்து நாளில் முழுப்பகுதியும் புதிதாகிவிடும். விடிந்து வெளிச்சம் வந்ததும் கழற்றப்படும் அந்த நுனிகளில் மட்டும் செரின் கொழுப்பு வெளியே தெரிவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். செல் உயிரோடு இருக்கிறது; அதன் ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் ‘எடுத்துக்கொள்’ என்று நீட்டப்படுகிறது. பின்னாலுள்ள நிறமி செல்கள் மெர்டிகே என்ற ஏற்பியின் உதவியோடு அதை விழுங்குகின்றன. அந்த ஏற்பிக்கான மரபணு பழுதானவர்களுக்கு, நுனிகள் கழிவாகத் தேங்கி, மாலைக்கண்ணில் தொடங்கிப் பார்வையே மங்கும் விழித்திரை நோய் வருகிறது. 2000-ஆம் ஆண்டில் இது மனிதர்களில் உறுதியானது. மூளையிலும் வளரும் பருவத்தில், வேண்டாத நரம்பிணைப்புகளைக் களையும்போது இதே சைகை இடமறிந்து எழுப்பப்படுவதற்குச் சான்றுகள் உண்டு.

ஒழுங்கு தவறும்போது என்ன ஆகிறது என்பதற்கும் எடுத்துக்காட்டுகள் குறைவில்லை. 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பகுதிப் பழங்குடிகளிடம் கண்டறிந்து பதிவுசெய்த அரிவாள் செல் மரபு, இருமடியாக வந்தால் கொடிய சோகையாகும். ஹீமோகுளோபின் கோணலாகித் திரளும் அந்த நோயில் சிவப்பணுக்களில் ஒரு பகுதி தம் செரின் கொழுப்பை உள்ளே வைத்திருக்கும் திறனை இழக்கின்றன. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டுவதற்கும் உறைதல் மிகுவதற்கும் அது ஒரு காரணம். ஃப்ளிப்பேஸ் குடும்பத்தில் மூளைக்குரிய ஒன்றான ஏடிபி8ஏ2 பழுதானால் குழந்தைகளுக்கு நடை தள்ளாடுகிறது, அறிவு வளர்ச்சி தடைப்படுகிறது. வைரஸ்களோ இந்தச் சைகையைத் திருடியே பிழைக்கின்றன. வாக்சினியா என்ற அம்மைக் குடும்ப வைரஸ் தன் உறையில் இந்தக் கொழுப்பைப் பூசிக்கொண்டு, செத்த செல்லின் துண்டுபோல வேடமிட்டு உள்ளே நுழைகிறது என்று 2008-இல் மெர்சரும் ஹெலனியஸும் காட்டினார்கள். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நாம் அஞ்சும் டெங்குவும், எபோலாவும், பிணங்களை அடையாளம் காண வைத்திருக்கும் ஏற்பிகளையே கைப்பிடியாகப் பயன்படுத்த வல்லவை. செத்ததை அமைதியாக விழுங்குவதே உடலின் வழக்கம் என்பதால் இந்த வேடத்துக்குக் கூடுதல் லாபமும் உண்டு: எதிர்ப்பின் கூச்சல் தணிந்தே எழும்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறியின் கதை இன்னும் விசித்திரம். எதிர்மின்சுமைக் கொழுப்போடு பிணையும் ரத்தப் புரதங்களை, குறிப்பாக அங்கே பிணைந்து நிற்கும் நிலையில், உடம்பே எதிரியாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. இளவயதில் பக்கவாதம், கால் சிரையில் ரத்தக்கட்டி, அடுத்தடுத்துக் கருச்சிதைவு என்று அது வெளிப்படும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனைகளில் ஒன்றுக்குக் கண்ணாடி விரியனின் நஞ்சு வேண்டும். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸலின் பெயரைத்தான் அந்தப் பாம்பு ஆங்கிலத்தில் சுமக்கிறது. நோயாளியின் பிளாஸ்மாவில் மிகக் கொஞ்சம் பாஸ்போலிப்பிடும் நீர்த்த நஞ்சும் கால்சியமும் சேர்ப்பார்கள். நஞ்சு பத்தாம் உறைதல் காரணியை நேரடியாகத் தூண்டும்; அதற்குப் பிறகு வேலை நடக்கக் கொழுப்புப் பரப்பு வேண்டும். எதிர்ப்பொருள் அந்தச் சொற்பப் பரப்பை அடைத்துக்கொண்டால் உறைதல் தாமதமாகும். பாஸ்போலிப்பிடைத் தாராளமாகச் சேர்த்ததும் தாமதம் நீங்கும். குழாயில் உறைதலைத் தாமதிக்கும் இதே எதிர்ப்பொருள் உடம்பில் ரத்தக்கட்டியை உண்டாக்குகிறது. குழாயில் இருப்பது வெறும் கொழுப்புத் துளி. உடம்பில் அந்தப் பரப்புக்குப் பின்னால் உயிருள்ள தட்டணுவும் ரத்தக்குழாய்ச் செல்லும் இருக்கின்றன, எதிர்ப்பொருள் அவற்றைத் தூண்டிவிடுகிறது. இடம் மாறியதும் விளைவே தலைகீழாகிவிடுகிறது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு: இங்கே வேலை செய்பவை எல்லாம் புரதங்கள்தாமே? தள்ளுவது ஃப்ளிப்பேஸ், கலப்பது ஸ்க்ராம்ப்ளேஸ், வெட்டுவது காஸ்பேஸ், வாசிப்பது ஏற்பி. நோய் என்று வந்தாலும் ஏதோ ஒரு புரதத்தின் மரபணுவில்தான் பழுது. கொழுப்பு வெறும் சரக்கு, அதற்கு ஏன் இந்த மரியாதை என்று ஒருவர் கேட்கலாம். புரதங்கள் இல்லாமல் எதுவும் நடக்காது என்பது உண்மை. ஆனால் அவை எல்லாம் எதைச் சுற்றி நடக்கின்றன? உறைதலின் காரணிகளும், விழுங்கு செல்லின் ஏற்பிகளும், டெங்கு வைரஸின் சூழ்ச்சியும் தனித்தனியானவை; அவற்றைக் கோக்கும் பொதுப்பொருள் இந்தக் கொழுப்பு ஒன்றுதான். வாக்சினியாவின் உறையிலிருந்து கொழுப்பை நீக்கினால் தொற்றும் திறன் போகிறது. செரின் கொழுப்பைத் திரும்பச் சேர்த்தால் வருகிறது. வைரஸின் புரதங்கள் இரண்டு நிலையிலும் இருந்தன. மேலும், கொழுப்புக்கென்று தனி மரபணு கிடையாது என்பதால்தான் மரபணுவையே மூலநூலாகப் படிக்கும் நம் காலம் அதைக் கவனிக்கத் தாமதித்தது. மரபணு சொல்வது தள்ளும் கருவியை எப்படிச் செய்வது என்பதை. எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்ற நிலை, பழைய சவ்விலிருந்து புதிய சவ்வு பிரியும்போது கூடவே கைமாறி வருவது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. வெளியே தெரிந்தால் சாவு என்றால், தூண்டப்பட்ட தட்டணுவும், தசையாக இணையப்போகும் இளம் செல்லும், விழித்திரைக் குச்சியும் அதே கொழுப்பைக் காட்டிக்கொண்டு உயிரோடு இருப்பது எப்படி? அப்படியானால் இடத்துக்கும் நிலையான அர்த்தம் இல்லையே? இந்த மறுப்பு வாதத்தைத் திருத்துகிறது, கவிழ்க்கவில்லை. நகாதா குழுவின் இரண்டு சோதனைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஸ்க்ராம்ப்ளேஸை எப்போதும் திறந்திருக்கும்படி மாற்றிய எலி செல்கள் செரின் கொழுப்பை வெளியே காட்டியபடியே வளர்ந்தன. விழுங்கு செல்கள் அவற்றைத் தொடவில்லை. ஃப்ளிப்பேஸ் வேலை செய்யாதபடி மாற்றிய செல்களையோ, அவை உயிரோடு இருக்கும்போதே, விழுங்கு செல்கள் விழுங்கின. வெளியே தெரிவது மட்டும் போதாது, திரும்ப உள்ளே இழுக்கும் திறன் மிச்சமிருக்கிறதா என்பதும் கணக்கில் சேர்கிறது என்று கொள்ள இதில் இடமுண்டு. சிடி47 போன்ற ‘விழுங்காதே’ என்னும் அடையாளங்கள் கூட நிற்கின்றனவா என்பதும் அப்படியே. ஆக இடம் என்பது உள்ளே, வெளியே என்ற இரண்டே சொல்லில் முடிவதில்லை. யார் எதிரே, யார் பக்கத்தில், எவ்வளவு நேரம், திரும்ப வழி உண்டா என்ற சூழல் அனைத்தும் அதில் அடங்கும். இது அளவுக் கணக்கிலிருந்து நம்மை இன்னும் தொலைவுக்கு அழைத்துப்போகிறது.

மூன்றாவது: அளவு கூடினால் நோய் வருவதே இல்லையா? வருகிறது. லென்ஸ்-மயெவ்ஸ்கி நோய்க்குறி அதற்குச் சான்று. செரின் கொழுப்பைத் தயாரிக்கும் நொதி ஒன்று, போதும் என்ற சைகைக்குக் கட்டுப்படாமல் தயாரித்துக்கொண்டே போவதால், எலும்பு தடித்து, உயரம் குன்றி, தோல் தளர்ந்து, அறிவு வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகள் பிறக்கிறார்கள் என்று 2014-இல் தெரியவந்தது. அளவுக்கு எதிராக நான் வாதாடவில்லை; அளவு போதும் என்ற நம்பிக்கைக்கு எதிராகவே வாதாடுகிறேன். இந்த நோயிலும், பழுதான நொதியைச் செல்களில் வைத்து ஆராய்ந்தவர்கள் கொழுப்பின் அளவோடு செல்லுக்குள் அது பரவியிருக்கும் விதமும், அதை வெளிச்சவ்வுக்கு எடுத்துச் செல்லும் பரிமாற்றமும் குலைந்திருப்பதைக் கண்டார்கள். அளவு மட்டுமே எண்ணம் என்றால் எங்கே போய் முடியும் என்பதற்கு மருந்துக்கடையிலேயே சாட்சி இருக்கிறது. நினைவாற்றலுக்கென்று செரின் கொழுப்பு மாத்திரை விற்கிறது. முன்பு மாட்டு மூளையிலிருந்து எடுத்தார்கள், பைத்திய மாட்டு நோய் அச்சத்துக்குப் பிறகு சோயாவிலிருந்து எடுக்கிறார்கள். 2003-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு ஒரு வாசகத்தை அனுமதித்தது. ஆதாரம் மிகச் சொற்பம் என்று அந்த வாசகமே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. விழுங்கிய கொழுப்பைக் குடல் உடைக்கிறது. மூளையின் செல் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்து, தானே எந்தப் பக்கம் என்று முடிவுசெய்து வைக்கிறது. அந்த முடிவை மாத்திரையின் மில்லிகிராம் கணக்கு தொடுவதே இல்லை.

கடைசி மறுப்பு நடைமுறையைச் சார்ந்தது: இடத்தை அறிந்து என்ன பயன், சிகிச்சை கிடைத்ததா? புற்றுக்கட்டிகளின் ரத்தக்குழாய்ச் செல்கள் செரின் கொழுப்பை வெளியே காட்டுகின்றன என்ற கண்டுபிடிப்பிலிருந்து பவிட்டுக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து பிறந்தது. நுரையீரல் புற்றுநோயில் அதன் மூன்றாம் கட்ட ஆய்வு, ஆயுளை நீட்டாததால் 2016-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. இதைத் தோல்வி என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் தோற்றது எது என்று பார்க்கவேண்டும். வெளியே தெரியும் கொழுப்பை ஒரு முகவரியாக எடுத்துக்கொண்டு அங்கே மருந்தை அனுப்பும் முயற்சி தோற்றது. மேலே கண்டதுபோல அந்த முகவரியில் தட்டணுவும் சாகும் செல்லும் வேறு பலரும் குடியிருக்கிறார்கள். எந்த ஸ்க்ராம்ப்ளேஸ் திறந்தது, எந்த ஃப்ளிப்பேஸ் நின்றது, எந்த ஏற்பி வாசிக்கிறது என்று பிரித்து அணுகும் சிகிச்சைகள் இனிமேல்தான் வரவேண்டும். பிரித்தறிவதற்கான புரதங்களில் பலவற்றின் பங்கே 2010 முதல்தான் நமக்குத் தெரியும். மாறாக, வார்ஃபரின் எழுபது ஆண்டாகப் பயன் தருகிறது என்றால், அமரும் இடத்துக்கும் அமரும் புரதத்துக்கும் உள்ள உறவைக் குறிவைத்து ஒரு மருந்து வெல்ல முடியும் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே இந்தக் கொழுப்பிலிருந்து பெறவேண்டிய முடிவு கொழுப்பை மட்டும் பற்றியதல்ல. இது உயிர் தருவதா, சாவு தருவதா, உறையவைப்பதா, நோய்க்கு வழிவிடுவதா என்ற கேள்விக்கு விடை கிடையாது. கேள்வியே தவறாக எழுப்பப்பட்டது. நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று மூலக்கூறுகளுக்குக் குணச்சான்றிதழ் எழுதும் பழக்கம் நம் உணவுப் பேச்சிலும் மருத்துவப் பேச்சிலும் ஆழமாக ஊறியிருக்கிறது. செரின் கொழுப்பு அந்தப் பழக்கத்துக்கு அடங்காது. அதன் குணம் எப்போதும் ஒன்றே: எதிர்மின்சுமை கொண்ட தலையால் புரதங்களைக் கூட்டுவது. அது நன்மையாவதும் தீமையாவதும் எந்தப் பக்கம், எவர் முன்னால், எப்போது என்பதைப் பொறுத்தது. அந்தப் பக்கத்தைக் காப்பது ஓர் உழைப்பு. நலம் என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் பராமரிப்புதான். நோய் என்று அழைப்பதில் பெரும்பகுதி அந்தப் பராமரிப்பு எங்கோ நின்றுபோனதுதான். ஒரு பொருள் மிகுந்துவிட்டது, குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அதை யார் எங்கே வைத்திருந்தார்கள், இப்போது ஏன் வைத்திருக்க முடியவில்லை என்று அடுத்த கேள்வியைக் கேட்காதவரை நோயின் பாதியைத்தான் அறிந்திருப்போம்.